மெட்டல் டிடெக்டருக்கு எத்தனை பெரிய ஸ்பீக்கர் வேண்டும்?

போன மாதம் தென்காசியிலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். நான் வேலை பார்த்த குடிநீர் அலுவலகத்தில் இப்போது அவர் இருக்கிறார். சாலைக்கு அடியில் புதைந்துபோன வால்வு மூடிகளைத் தேடப் புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகிறார்களாம்.

“மேடம், அதுல இருக்க ஸ்பீக்கர் ரொம்பச் சின்னதா இருக்கு. வெளிய பெருசா ஒண்ணு மாட்டிரலாமா? கூட ஒரு ஆடியோ பூஸ்டரும் போட்டா நல்லாருக்கும்னு நெனைக்கோம். நீங்க அந்தக் காலத்துல என்ன போட்டிய?”

“எங்கன வச்சுத் தேடப்போறிய?” என்று கேட்டேன்.

“குத்தாலத்துலதான் மேடம். மெயினருவிப் பக்கம்.”

நான் சிரித்த சிரிப்பில் லைன் கெட்டுவிட்டதோ என்று அவர் இரண்டு மூன்று தடவை ஹலோ சொன்னார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வாட் கணக்கும் மாடல் நம்பரும் இதில் இருக்காது. அவற்றைக் கடைக்காரரே சொல்லுவார்.

அது எண்பதுகளின் தொடக்கம். இளநிலைப் பொறியாளராக நான் தென்காசிக்கு வந்து சேர்ந்திருந்தேன். வேலை நடக்கும் இடத்தில் சேலை கட்டிய ஒரு பெண் நின்றால், இது எந்த அதிகாரியின் வீட்டம்மா என்று ஒப்பந்தக்காரர்கள் பக்கத்து ஆளிடம் விசாரித்த காலம். எனக்கு மேலே ஓர் உதவிப் பொறியாளர் இருந்தார். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் ‘பெரிய சார்’. வேலையில் கெட்டிக்காரர். கோபம் மட்டும் சூடம் மாதிரி. பொசுக்கென்று பற்றும், எரிந்து முடிந்தால் அடையாளமே இருக்காது.

எங்களிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. நீளமான கைப்பிடி, அதன் அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு, மேலே ஒரு பெட்டி. தட்டைத் தரைக்கு மேலாக வீசிக்கொண்டே நடந்தால், கீழே இரும்பு கிடக்கும் இடத்தில் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் ‘ஙொய்’ என்று முனகும். எங்கள் ஃபிட்டர் சங்கரபாண்டி அதற்கு ‘ஙொய் மிஷின்’ என்று பெயர் வைத்தார். அலுவலகக் கோப்புகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் பஸ்ஸாக ஜனம் குற்றாலத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து மெயினருவிக்குப் போகும் கடைத்தெருவில் எங்கள் பெரிய குழாய் உடைந்தது. தண்ணீர் மேலே பீறிட்டு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது சாலைக்கு அடியிலேயே வழி பண்ணிக்கொண்டு, மண்ணை அரித்துக்கொண்டு, கடைவரிசைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஜீப்பில் போய் இறங்கும்போது ஒரு சுற்றுலா பஸ்ஸின் முன்சக்கரம் சாலைக்குள் பாதி இறங்கி நின்றது. ஒரு பழக்கடையின் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பக்கத்தில் மலையிலிருந்து கொட்டோ கொட்டென்று தண்ணீர் கொட்டுகிறது, லாட்ஜ் குழாய்களைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது. லாட்ஜ் மேனேஜர்கள் அருவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

தண்ணீரை நிறுத்த வால்வை மூட வேண்டும். மேலே தொட்டிப் பக்கத்து வால்வைத் திருகினால் அது சும்மா சுற்றியது. உள்ளே தேய்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது கடைத்தெருவில் இருக்கும் இன்னொரு வால்வு. அதன் இரும்பு மூடி சாலை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தாக வேண்டும். ஆனால் எத்தனையோ தடவை தார் போட்டு அதை மூடிவிட்டார்கள். பழைய வரைபடத்தில் ‘புளியமரத்துக்குக் கிழக்கே’ என்று தெளிவாக எழுதியிருந்தது. புளியமரம் எங்கே இருந்தது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

சங்கரபாண்டி ஙொய் மிஷினை எடுத்து வீசினார். ஒன்றும் கேட்கவில்லை. அருவி இரைச்சல், பஸ் ஹாரன், கேசட் கடைப் பாட்டு, எண்ணெய் தேய்ப்பவர்கள் ஆள் கூப்பிடும் சத்தம். பெட்டியில் காதை ஒட்டவைத்தால் லேசாகக் கேட்டது. ஆனால் பெட்டியில் காதை ஒட்டினால் தட்டை வீச முடியாது.

“என்னலே, சத்தமே வரலையே, மிஷின் செத்துப்போச்சா?” என்றார் பெரிய சார்.

“உசுரோடதான் இருக்கு சார். அருவி கத்துத கத்துல இது முனகுதது கேக்க மாட்டேங்கு.”

“அப்போ பெரிய ஸ்பீக்கரு மாட்டு. மாடசாமி அண்ணாச்சியக் கூப்பிடு.”

மாடசாமி அண்ணாச்சி தென்காசியில் மைக்செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். என்ன ஏது என்று விசாரிக்காமல், அரசாங்கத்து வேலை என்ற மதிப்பில், பெரிய ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, இரண்டு குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் கட்டி இறக்கினார். ஙொய் மிஷினிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். உடனே வேலையைத் தொடங்குவார் என்று பார்த்தால் ஒரு பக்திப் பாட்டைப் போட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, பாட்டு எதுக்கு?” என்றேன்.

“சாமி பாட்டு போடாம நான் எந்த சோலியும் தொடங்க மாட்டேம்மா. ஒரு பல்லவி முடியட்டும்.”

கடைகளுக்குக் கீழே மண் கரைந்துகொண்டிருந்தது. நாங்கள் பல்லவி முடியும்வரை பக்தியோடு நின்றோம்.

பாட்டு முடிந்தது. ஆம்ப்ளிஃபயரை மிஷினுக்கு மாற்றினார். அந்தக் கணமே இரண்டு குழாயும் சேர்ந்து ஓர் ஊளை ஊளையிட்டன பாருங்கள், மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் செங்கோட்டைப் பக்கம் பறந்துவிட்டன.

“கெடச்சிட்டு,” என்றார் பெரிய சார். முகமெல்லாம் மலர்ச்சி. “மொத எடத்துலயே கெடச்சிட்டு. தோண்டுங்க.”

தோண்டினோம். தார், ஜல்லி, மண், அதற்குக் கீழேயும் மண். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினோம். அங்கேயும் அதே ஊளை. அங்கேயும் தோண்டினோம். இன்னும் கொஞ்சம் நகர்த்தினோம். சாலை முழுக்க இரும்பாலேயே போட்ட மாதிரி போகிற இடமெல்லாம் ஊளை. குழி வெட்டிய ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பெரிய சாரைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் மிஷினைப் பார்த்தேன்.

கூட்டம் நெருக்கியதில் குழாய் ஸ்பீக்கரில் கீறல் விழுந்துவிடும் என்று பயந்து, மாடசாமி அண்ணாச்சி வண்டியைப் பின்னால் இழுத்தார். ஊளை பட்டென்று நின்றது. முன்னால் தள்ளச் சொன்னேன். ஊளை. பின்னால் இழுக்கச் சொன்னேன். அமைதி.

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு பெரிய காந்தம், அதைச் சுற்றி இரும்பு. மிஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய இரும்பு எதுவோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. நாங்கள் நின்ற இடத்திலெல்லாம் எங்கள் ஸ்பீக்கருக்காகவே குழி வெட்டியிருக்கிறோம்.

வெளி ஸ்பீக்கர் மாட்ட ஆசைப்படும் தம்பிகளும் தங்கைகளும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். தேடும் தட்டுக்கு அருகில் வைத்தால் அது தன்னைத்தானே தேடிக்கொள்ளும்.

விஷயத்தைப் பெரிய சாரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் மூன்று குழிகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, “ஒயர நீளமாக்கு. குழாய அங்கன பஸ்ஸ்டாப் கூரை மேல கட்டு,” என்றார். கட்டினார்கள். இப்போது மிஷின் உண்மையைப் பேசியது. ஆனால் அளவுக்கு மீறிப் பேசியது. ஒரு சீசன் தெருவில் மண்ணுக்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சோடா மூடி, மாட்டு லாடம், குடைக் கம்பி, கொண்டை ஊசி. வெறும் ஸ்பீக்கரில் கேட்டால் சின்னதற்குச் சின்ன முனகல், பெரியதற்குப் பெரிய முனகல். ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகி வைத்ததில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஆணிக்கும் அதே கத்தல், அண்டாவுக்கும் அதே கத்தல். பூஸ்டர் என்பது சத்தத்தைப் பெருக்கும். எது சத்தம், எது செய்தி என்று அதற்குத் தெரியாது.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தால் போலீஸ்காரர்கள் விசில் அடித்துக் குளிப்பவர்களை வெளியே விரட்டுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு விசிலுக்கும் ஙொய்க்கும் என்ன வித்தியாசம் தெரியும்? பஸ்ஸ்டாப் கூரையிலிருந்து எங்கள் ஊளை போய் அருவிப் பாறையில் மோதியிருக்கிறது. ஒருவர் ஓட, அவரைப் பார்த்து நூறு பேர் ஓட்டம் பிடித்தார்கள். தலையில் சோப்பு நுரையோடு ஆண்கள், ஈரச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெண்கள், உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய ஒரு கனத்த மனிதர். பாதி தேய்த்த உடம்போடு அவர் ஓட, மீதியை யார் தேய்ப்பது என்கிற மாதிரி எண்ணெய்க்காரரும் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. பாசி பிடித்த பாறை. ஒருவர் வழுக்கி விழுந்தால் மேலே பத்துப் பேர் விழுவார்கள். நல்லவேளை, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “யாரு சார் இங்க சங்கு ஊதுனது?”

பெரிய சார் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள், நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மாடசாமி அண்ணாச்சி மைக்கைப் பிடித்துவிட்டார். மேடையில் பேசிப் பழகிய குரல். “அன்பார்ந்த பொதுமக்களே, யாரும் பயப்பட வேண்டாம். அருவியில் வெள்ளம் இல்லை. மண்ணுக்குள்ளே புதைந்து கிடக்கும் பழைய காலத்துப் பொருள் ஒன்றை அரசாங்கத்தார் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.”

ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அருவியை விட்டு ஓடிய கூட்டம் அத்தனையும் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. எண்ணெய் மனிதர்தான் முதலில் வந்து சேர்ந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்து, “எந்த ராசா காலத்துது?” என்று என்னிடம் கேட்டார். இரண்டு கடைக்காரர்கள், பொருள் யார் கடை வாசலில் கிடைத்தால் யாருக்குச் சொந்தம் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் பெரிய சாரைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், ஒங்க வேலைய நான் தடுக்கல. ஆனா இனி இந்த மிஷின்ல இருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வரக்கூடாது.”

சத்தம் வெளியே வரக்கூடாது. சத்தம் கேட்காமல் தேடவும் முடியாது. பெரிய சார் மூன்றாவது குழியின் கரையில் உட்கார்ந்துவிட்டார். பஸ் சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழக்கடைக்காரர் சுவர் விரிசலைப் பார்த்துவிட்டுக் கூடை கூடையாக மங்குஸ்தானை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் எப்படிச் சத்தத்தைக் கூட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். இந்தச் சத்தம் யாருக்குக் கேட்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. எண்ணெய் மனிதருக்குக் கேட்க வேண்டாம். சப்-இன்ஸ்பெக்டருக்கு வேண்டாம். ஒரே ஓர் ஆளுக்குக் கேட்டால் போதும்.

குற்றாலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் சிநேகிதி ஒருத்தி வேலை பார்த்தாள். ஓடினேன். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ டிரங்கால் இணைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏட்டி, இதக் கழட்டிக் குடுத்துட்டு நான் என்ன செய்ய? குத்தாலத்துல பாதிப் பேரு ‘பத்திரமா வந்து சேந்துட்டோம்’னு வீட்டுக்குப் பேசக் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“இந்த வால்வு கெடைக்கலன்னா பத்திரம்னு சொல்ல முடியாதுட்டி.”

அவள் என் காலில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, பழசான இன்னொரு ஹெட்போனை எடுத்தாள். “ஒரு காது கொஞ்சம் கொரகொரங்கும். தட்டுனா சரியாயிரும். சாயங்காலத்துக்குள்ள வரணும்.”

ஒயரைச் சேர்த்து மாட்டிக் கேட்டேன். ஙொய் கேட்டது. ஆனால் ஹெட்போன் காதைச் சரியாக மூடாததால் அருவியும் கூடவே உள்ளே வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு துண்டு கேட்டு, ஹெட்போனுக்கு மேல் தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பல்வலிக்காரி மாதிரி இருந்திருப்பேன். உலகம் சட்டென்று தூரமாகப் போய், மிஷின் மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தட்டை நானே வீசினேன். ஙொய். கொஞ்சம் நகர்ந்தேன். ஙொய். இடப்பக்கம் வீசும்போதெல்லாம் ஒன்று, வலப்பக்கம் வீசும்போதெல்லாம் ஒன்று. இதென்ன கணக்காக வருகிறதே என்று குனிந்து பார்த்தால், என் கால்விரல் மெட்டி. தட்டு காலுக்குக் கிட்டே வரும்போதெல்லாம் மெட்டியைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுத்தெருவில் குனிந்து மெட்டியைக் கழற்றப்போனேன். குளித்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துவிட்டார். “என்ன காரியம்மா செய்யுத? வீட்டுக்காரர் நல்லா இருக்கும்போது கழட்டலாமா?”

“அவரு நல்லாத்தான் இருக்காரு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல இந்நேரம் கத்தரிக்காய்க்கு வெலை பேசிக்கிட்டு இருப்பாரு.”

“அதுக்கு?”

அவர் கையை விடுவதாக இல்லை. அவரோடு வந்த பெண்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் தட்டைச் சங்கரபாண்டியிடம் கொடுத்துவிட்டேன். வெறுங்காலோடு அவர் வீசட்டும், நீள ஒயரில் நான் தள்ளி நின்று கேட்கிறேன். வீசுபவருக்குக் கண் வேலை, கேட்பவருக்குக் காது வேலை. இரண்டையும் பிரித்ததும் வேலை சுலபமாகிவிட்டது. இது என் புத்தி என்று பல வருடம் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பெருமை அந்த அம்மாளுக்குப் போக வேண்டியது.

கையைத் தூக்கினால் நில், இறக்கினால் போ. ஆணி ஒரு மாதிரிக் கேட்டது, சுருக்கென்று. லாடம் கொஞ்சம் நீளமாக. சத்தத்தைக் குறைவாகவே வைத்திருந்ததால் ஒவ்வொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தனித்தனியாகத் தெரிந்தது. கடைவரிசையைப் பாதி தாண்டி, ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு வந்தோம். கடைக்காரர் குமரேசன் செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். வாசலில் பெரிய இரும்பு அடுப்பு, அதன்மேல் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஓர் இரும்புச் சட்டி, நிறைய எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. காது நிறைய ஙொய்.

“அடுப்பும்மா. இதுக்குக் கத்தத்தான செய்யும்,” என்று சங்கரபாண்டி தாண்டப் பார்த்தார்.

அவர் விலகும்போது சத்தம் குறைய வேண்டும். குறைந்தது. திரும்பி வந்து மறுபக்கமாக விலகச் சொன்னேன். குறைந்தது. கடைக்கு உள்பக்கமாகத் தட்டை நீட்டச் சொன்னேன். அடுப்பை விட்டு விலகியும் சத்தம் குறையவில்லை. அங்கே எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன. அவற்றை எடுக்க வைத்தேன். அப்போதும் குறையவில்லை. அடுப்பின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், அகலமாக, அசையாமல் கிடந்தது.

“அடுப்பை அணைச்சு எறக்கணும்,” என்றேன்.

குமரேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் துண்டு, தாடையில் முடிச்சு. “எந்தா சாரே இது? சீசன் ஞாயித்துக்கெழம. கஸ்டமர் நிக்குதான். காலையில இருந்து மூணு எடத்துல தோண்டினிய. நாலாவது என் கடையா?”

அவர் கேட்டதில் என்ன தப்பு? இத்தனை பேருக்கு முன்னால் கொதிக்கும் எண்ணெயை இறக்க வேண்டும். இறக்கி, தோண்டி, அங்கேயும் வெறும் மண்தான் என்றால் இந்தத் தெருவில் எங்களை இன்னொரு தடவை கடப்பாரை போட யாரும் விடமாட்டார்கள். விடாவிட்டால் கடைகள் நிற்காது. என் கையில் இருந்த ஆதாரம், ஒரு காது கொரகொரக்கும் ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்ட ஒரு சத்தம்.

பெரிய சார் வந்தார். “நிச்சயமா சொல்லுதியாம்மா?”

“நிச்சயம்னு சொல்ல முடியல சார். ஆனா அடுப்பு மட்டும் இல்ல, அடியில இன்னொண்ணு இருக்கு. அது எனக்குத் தெரியுது.”

“குடு, நான் கேக்கேன்.”

துண்டை அவிழ்த்து ஹெட்போனைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். சங்கரபாண்டி தட்டை அடுப்புக்கு மேலேயே கொண்டுபோனார். எனக்கு வெளியே நின்றே லேசாகக் கேட்டது. பெரிய சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணை மூடினார், திறந்தார். மிஷின் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, “இன்னும் ஆன் பண்ணலையா?” என்றார்.

அவர் ஏன் எப்போதும் உரக்கப் பேசுகிறார், நாம் சொன்னதை ஏன் இரண்டாவது தடவை சொல்ல வைக்கிறார், காலையில் எத்தனை திருகினாலும் ஏன் ‘இன்னும் கூட்டு’ என்றே சொன்னார் என்பதெல்லாம் எனக்கு அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு கையால் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, ரொம்பக் கவனமாகக் கேட்பவர் மாதிரித் தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. பிறகு குமரேசன் பக்கம் திரும்பினார்.

“தெளிவாக் கேக்குது. நானே கேட்டேன். அடுப்பை எறக்குப்பா. ஒண்ணும் இல்லன்னா எம்மேல எழுதிக் குடு, இந்தப் பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

குமரேசன் முணுமுணுத்துக்கொண்டே விறகை இழுத்தார். எண்ணெய் ஆறும்வரை காத்திருந்த நேரம் என் பணிக்காலத்திலேயே நீளமானது. பெரிய சார் ஒரு காகிதத்தில் சிப்ஸ் வாங்கி என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் கடைசித் துண்டுவரை சாப்பிட்டார்.

அடுப்பை இறக்கினார்கள். கடப்பாரை விழுந்தது. தார், அதற்குக் கீழே செங்கல், செங்கலுக்குக் கீழே ‘டங்’. சங்கரபாண்டி மண்ணைக் கையாலேயே தள்ளினார். வட்டமாக, துருவேறி, ஒரு வால்வு மூடி. அதைப் பெயர்த்து, வால்வைத் திருகும் சாவியைப் போட்டு, நான்கு பேர் சேர்ந்து திருகினார்கள். இது சும்மா சுற்றவில்லை. முறுக்க முறுக்க இறுகியது. சற்று நேரத்தில் சாலைக்கு அடியில் இருந்த சலசலப்பு அடங்கியது. எண்ணெய் மனிதர் குழிக்குள் எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு, மிச்சத்தைத் தேய்த்துக்கொள்ளப் போனார். பஸ்ஸை இழுத்து வெளியே எடுத்தார்கள். பழக்கடைச் சுவர் விழாமல் நின்றுவிட்டது. குமரேசன் தன் பங்குக்கு, வால்வுக்கு மேலே கடை வைத்திருந்ததற்கு யாரும் எதுவும் கேட்டுவிடுவதற்கு முன்னால், எல்லாருக்கும் சிப்ஸ் கொடுத்துச் சமாதானமாகிவிட்டார்.

ஹெட்போனைச் சாயங்காலத்துக்குள் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். தென்காசிக்குத் திரும்பும் வழியில், பழைய குற்றாலம் பிரியும் இடம் தாண்டியதும் பெரிய சார் கேட்டார். “அந்தச் சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?”

“பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுத மாதிரி சார். நம்ம வீட்டுல யாராச்சும் பேசுனா கேக்காது. பேச்சு நின்னா, அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“எதுத்த வீட்டுல கிரைண்டர் இருக்கு,” என்றார். “நான் அது ரிப்பேருன்னுல நெனச்சேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன். டிரைவர் எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்துகொண்டார்.

தம்பிகளே, தங்கைகளே, ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொட்டல் காட்டில் தனியாகத் தேடினால் பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரே போதும். கூட்டமும் இரைச்சலும் இருக்கும் இடத்துக்குக் காதை நன்றாக மூடும் ஹெட்போனை வாங்குங்கள். பூஸ்டர் வாங்கினால் அதன் திருகில் பாதிக்கு மேல் போகாதீர்கள். இப்போது வரும் மிஷின்களில் திரை இருக்கிறது, எண் காட்டும், படம் காட்டும் என்கிறார்கள். நல்லது. ஆனால் எண் எதைக் காட்டினாலும், அடுப்பை இறக்கு என்று ஒருவர் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். தன் காதில் விழாத ஒன்றுக்காக, கேட்டேன் என்று சொல்லி ஒரு மனிதர் எனக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குப் பிறகு என் கீழே வேலை பார்த்தவர்கள் ‘எனக்குத் தெரியுது மேடம்’ என்று சொன்னபோதெல்லாம், அவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். மிஷினைப் பிறகு பார்த்தேன்.

அந்த மாதமே பெரிய சார் திருநெல்வேலிக்குப் போய்க் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஓர் ஒயர். முதல் நாள் தன் அறையில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தார்.

“ஏம்மா, நீங்கள்லாம் என்னப் பத்தி இவ்வளவா பேசுதிய?”

யாரும் நிமிரவில்லை. சங்கரபாண்டி மேசைக்கு அடியில் விழாத எதையோ தேடத் தொடங்கினார். பெரிய சார் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் மாட்டிக்கொள்வார், ஜீப்பில், வேலை நடக்கும் இடத்தில், எங்களோடு பேசும்போது எப்போதும் மாட்டியிருப்பார். திருநெல்வேலியிலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கூட்டம் நடத்த வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கும்போது மட்டும் நிதானமாக அதைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, பைக்குள் வைத்துக்கொள்வார்.